தாத்தாவின் .22: எண்ணெய் போட்டும் துரு பிடித்த கதை

போன வருஷம் ஆடி மாசம் ஒரு நண்பர் போன் செய்தார். ஏற்காட்டில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு சின்னக் காப்பித் தோட்டம் உண்டு. அப்பா காலமாகி லைசென்ஸை யார் பேருக்கு மாற்றுவது என்ற பேச்சு வந்தபோது, துப்பாக்கியே வேண்டாம், லைசென்ஸ் உள்ள கடையில் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். தாத்தா 1930களின் தொடக்கத்தில் வாங்கிய .22 ரைஃபிள். காட்டுக்கோழி, முயல், காப்பிப்பழம் தின்ன வரும் மரநாய் இதற்கெல்லாம் பயன்பட்டது. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பீரோவை விட்டு வெளியே வரவே இல்லை.

"கடைக்காரர் குழலுக்குள்ள பாத்துட்டு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு. 'பராமரிப்பே இல்ல சார், உள்ள பூரா அரிச்சுப் போச்சு, இரும்பு விலைக்குத்தான் போகும்'னு. காசு போனா போகுது. எங்க தாத்தா அந்தத் துப்பாக்கிய குழந்தை மாதிரி பாத்துக்கிட்டாருன்னு அப்பா ஆயிரம் தடவ சொல்லியிருக்காரு. அது பொய்யா?"

பழைய கருவிகளைப் பற்றி நான் அவ்வப்போது இங்கே எழுதுவதால், எனக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள தொடர்பு கல்லூரியில் என்.சி.சி. கேம்ப்பில் .22ல் சுட்ட ஐந்து தோட்டாவோடு சரி. சுட்டது கொஞ்சம், துடைத்ததுதான் அதிகம். புல்-த்ரூ கயிற்றில் சிந்தித் துணியைக் கோத்து இழுத்து இழுத்துக் கை வலித்தது இன்னும் நினைவிருக்கிறது. இருந்தாலும் ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போய்க் கடையிலேயே துப்பாக்கியைப் பார்த்தேன்.

பார்த்ததும் ஒரு விஷயம் உறுத்தியது. வெளிப்பக்கம் பளிச்சென்று இருந்தது. கருநீலப் பூச்சு விரல் படும் இடங்களில் மட்டும் தேய்ந்திருந்தது. கட்டையில் எண்ணெய் ஊறிய பளபளப்பு. திருகு ஒன்றுகூடத் துருவேறவில்லை. போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்புறம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து வெளிச்சம் விட்டு, குழலுக்குள் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது. சுருள் வரிகளின் ஓரமெல்லாம் கரைந்து, முழு நீளத்துக்கும் குழி குழியாக.

சோம்பேறியின் துப்பாக்கி இப்படி இருக்காது. கவனிக்காமல் விட்ட துப்பாக்கி வெளியேதான் முதலில் துருப்பிடிக்கும். வெளியே இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தவர் உள்ளே மட்டும் ஏன் விட்டார்? இந்தக் கேள்விதான் என்னை இரண்டு மாசம் உட்காரவிடாமல் செய்தது. பதில் ஒரு மனிதரின் அலட்சியத்தில் இல்லை, ஒரு உப்பில் இருந்தது.

தண்ணீர் ஊற்றிக் கழுவிய காலம்

பழைய கருமருந்தில் இருந்து தொடங்க வேண்டும். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதம்தான் பொதுவானது. இது எரிந்தால் பாதி கூட வாயுவாகாது. 1870களில் ஆண்ட்ரூ நோபிள், ஃபிரெட்ரிக் ஏபெல் என்ற இருவரும் மூடிய கலனுக்குள் வெடிக்க வைத்து அளந்து பார்த்தார்கள். எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சியது. நாம் பார்க்கும் அந்த வெள்ளைப் புகையும் குழலுக்குள் அப்பும் கருப்புச் சேறும் அதுதான்.

இந்தச் சேறு ஈரத்தை இழுக்கும். ராத்திரி அப்படியே விட்டால் காலையில் துரு. ஆனால் இதற்கு மருந்து சுலபம். எச்சத்தில் பெரும்பாலானவை தண்ணீரில் கரையும் உப்புகள். அதனால் வேட்டைக்காரனும் சரி, சிப்பாயும் சரி, சாயங்காலம் வெந்நீரை ஊற்றிக் கழுவுவான். குழல் சூடாகிவிடுவதால் ஈரம் தானே காய்ந்துவிடும். பிறகு கொஞ்சம் கொழுப்போ எண்ணெயோ தடவினால் வேலை முடிந்தது. பல தலைமுறைகளாக ஓடிய வழக்கம் இது. அசிங்கமான வேலை, நாற்றமும் அடிக்கும். ஆனால் துப்பாக்கி பிழைத்தது.

அடுத்த ஆள் ஒரு பாதிரியார். அலெக்சாண்டர் ஃபோர்சைத், ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் சர்ச்சில் போதகர். வாத்து வேட்டையில் பைத்தியம். அந்தக் காலத்துச் சிக்கிமுக்கித் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் முதலில் வெளியே கிண்ணத்தில் தீப்பொறி பளிச்சிடும். அதைப் பார்த்ததும் பறவை எழும்பிவிடும். இதில் வெறுத்துப்போனவர், தட்டினாலே வெடிக்கும் ஒரு பொடியைக் கொண்டு உள்ளேயே தீ மூட்டும் வழியைக் கண்டுபிடித்து 1807ல் காப்புரிமை வாங்கினார். அந்தப் பொடியின் முக்கியச் சரக்கு பொட்டாசியம் குளோரேட்.

நமக்கு அது அந்நியப் பொருளில்லை. சிவகாசித் தீப்பெட்டியில் குச்சியின் தலையில் இருப்பது அதேதான். சூடு பட்டால் தன்னிடமுள்ள ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மாறிவிடும். சாப்பாட்டு உப்புக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். இரும்புக்கு உப்பு என்ன செய்யும் என்று கடற்கரையில் வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் போதும்.

ஃபோர்சைத்துக்குப் பிறகு வந்த பிரைமர்களில் பாதரச ஃபுல்மினேட்டும் இந்தக் குளோரேட்டும் சேர்ந்தே இருந்தன. ஆக, ஒவ்வொரு முறை சுடும்போதும் குழலுக்குள் கொஞ்சம் உப்பு தூவப்பட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மலையளவு கருமருந்துச் சேற்றில் அந்தத் துளி உப்பு கலந்து கிடந்தது, சேற்றைக் கழுவிய வெந்நீரிலேயே அதுவும் போய்விட்டது.

சின்னத் துப்பாக்கியும் புகையில்லா மருந்தும்

இப்போது .22க்கு வருவோம். குழலின் உள்விட்டம் சுமார் 5.6 மில்லிமீட்டர். 1845ல் பாரிஸில் ஃப்ளோபேர் என்பவர் செய்த தோட்டாவில் வெடிமருந்தே கிடையாது. பிரைமர் கலவையின் வேகத்தில் மட்டுமே குண்டு போகும். வீட்டுக்குள் குறி வைத்து விளையாடுவதற்கு. 1857ல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதை நீட்டிக் கொஞ்சம் கருமருந்தும் சேர்த்தது. 1887ல் ஸ்டீவன்ஸ் கம்பெனியிடமிருந்து .22 லாங் ரைஃபிள் வந்தது. 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் ஈயக்குண்டு. 5 கிரெயின், அதாவது 0.32 கிராம் கருமருந்து. இன்றைக்கும் உலகமெங்கும் முயலுக்கும் அணிலுக்கும் எடுப்பது இதே தோட்டாதான். அளவு மாறவில்லை, உள்ளே இருக்கும் ரசாயனம்தான் மாறியது.

இந்தத் தோட்டாவில் பிரைமர் தனி மூடியாக இருக்காது. பின்பக்க விளிம்பின் மடிப்புக்குள் சுற்றிலும் தடவியிருக்கும். விளிம்பில் எங்கே அடித்தாலும் பற்ற வேண்டும் என்பதால் அதற்கான அளவு தேவை. பெரிய தோட்டாவில் மருந்தோடு ஒப்பிட்டால் பிரைமர் துளியூண்டு. .22ல் அந்தப் பங்கு அதிகம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1884ல் பிரான்ஸில் பால் வியேய் புகையில்லா மருந்தைச் செய்தார். 1886ல் லெபெல் ரைஃபிளோடு அது படைக்குள் போனது. 1890களில் .22க்கும் வந்துவிட்டது. வேட்டைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். புகை கண்ணை மறைக்காது, சேறு இல்லை, நாற்றம் இல்லை. சுட்டு முடித்துக் குழலுக்குள் பார்த்தால் கண்ணாடி மாதிரி. இனி எதற்கு வெந்நீர், சோப்பு, குளியல்? எண்ணெயில் நனைத்த துணியை ஒரு தடவை இழுத்தால் போதாதா?

போதவில்லை. அடுத்த நாள் பார்த்தால் உள்ளே லேசாகப் பழுப்பு. துடைத்து எண்ணெய் போட்டால், மறுநாள் மறுபடியும். சில மாதத்தில் குழி. குறிப்பாக .22 குழல்கள் மளமளவென்று போயின. அக்காலத்து .22களில் பல மிருதுவான எஃகில் செய்தவை என்பதும் சேர்ந்துகொண்டது.

மருந்தை மாற்றினார்களே தவிர பிரைமரை மாற்றவில்லை என்பதுதான் காரணம். குளோரேட் அப்படியே இருந்தது. முன்பு அந்த உப்பைச் சேறு நீர்க்கச் செய்தது, சேற்றின் காரத்தன்மையும் ஓரளவு காத்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அசிங்கத்தைப் பார்த்து மனுஷன் தண்ணீர் ஊற்றினான். இப்போது சேறு இல்லை. .22ல் மருந்தின் எடையே முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. எனவே உப்பு எதிலும் கலக்காமல் நேராக எஃகின் மேல் உட்கார்ந்தது. பார்க்கச் சுத்தமாக இருந்ததால் தண்ணீரும் நின்றுபோனது.

அமெரிக்காவில் கருமருந்தையும் துப்பாக்கிப் பஞ்சையும் கலந்து டுபாண்ட் கம்பெனி செய்த லெஸ்மோக் என்ற மருந்தைக் குறி வைத்துச் சுடுபவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். கொஞ்சம் அழுக்கு விழும், ஆனால் புகையில்லா மருந்து தின்ற அளவுக்கு அது குழலைத் தின்னவில்லை.

எஃகு வியர்க்கிறது என்ற நம்பிக்கை

துடைத்த குழல் மறுநாள் துருப்பிடிப்பதற்கு அப்போது சொல்லப்பட்ட விளக்கம் சுவாரசியமானது. மருந்து எரியும்போது உண்டாகும் அமில வாயு எஃகின் நுண்துளைகளுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது, பிறகு மெதுவாக வியர்வை மாதிரி வெளியே வருகிறது என்றார்கள். ஆகவே தொடர்ந்து மூன்று நாள் துடைக்க வேண்டும் என்று ஒரு விதி. அமெரிக்க ராணுவத்திலும் இது புழங்கியது. குழலுக்கென்றே தனிக் கரைசல்கள் விற்பனைக்கு வந்தன. 1903ல் ஃபிலடெல்ஃபியாவில் ஃபிராங்க் ஹோப்பே ஒன்பதாம் நம்பர் என்ற கரைசலை விற்கத் தொடங்கினார். வாழைப்பழ வாசனை அடிக்கும் அந்தப் புட்டி இன்றும் கடையில் கிடைக்கிறது. மருந்தெச்சத்தையும் ஈயத்தையும் எடுப்பது அதன் வேலை. ஜெர்மனியில் க்ளெவர் கம்பெனி 1904ல் கொண்டுவந்த பாலிஸ்டால் எண்ணெய் தண்ணீரோடு கலந்து பால் மாதிரி ஆகும்.

பிரிட்டிஷ் ராணுவம் இந்த விஷயத்தில் பழமைவாதி. .303 ரைஃபிளைச் சுட்ட பிறகு, மூக்கு நீண்ட ஒரு புனலைப் பின்பக்கம் செருகிக் கொதிக்கும் தண்ணீரைக் குழல் வழியாக ஊற்றச் சொன்னது. காரணம் சரியாகத் தெரியாமலேயே சரியான வேலை. அந்த வெந்நீர் உப்பைக் கழுவியது. ஆனால் கடையில் .22 வாங்கித் தோட்டத்தில் முயல் சுட்டவனிடம் புனலைக் கொடுத்து யார் சொன்னார்கள்? அவனுக்குக் கடைக்காரன் கொடுத்தது எண்ணெய்ப் புட்டி.

முடிச்சை அவிழ்த்தது எதிர்பாராத இடம். அமெரிக்கச் சுரங்கத் துறை. சுரங்கத்தில் வெடி வைப்பதால் அவர்களிடம் வெடிபொருள் ஆய்வுக்கூடம் இருந்தது. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அங்கே வில்பர்ட் ஹஃப் என்ற வேதியியலாளர் இதை எடுத்துச் சோதித்தார். அவருடைய அறிக்கையின் தலைப்பே எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் நடக்கும் அரிப்பு பற்றியது. துருவுக்குக் காரணம் மருந்தின் அமிலமும் இல்லை, எஃகின் வியர்வையும் இல்லை, பிரைமரிலிருந்து வந்த பொட்டாசியம் குளோரைடுதான் என்று காட்டினார். மருந்தில்லாமல் பிரைமரை மட்டும் வெடித்தாலும் துரு பிடிக்கும். காற்றில் ஈரம் இல்லாவிட்டால் பிடிக்காது.

இந்த ஈர விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பொட்டாசியம் குளோரைடு சும்மா கிடந்தால் சாதுவான தூள்தான். காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 84 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். சேலத்தில் சித்திரை வெயிலில் ஒன்றும் ஆகாது. ஏற்காட்டில் ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும்போது உப்பு விழித்துக்கொள்ளும்.

எண்ணெய் ஏன் காப்பாற்றவில்லை? உப்பு எண்ணெயில் கரையாது. மேலே எண்ணெய் தடவினால் உப்பைப் போர்த்தி வைத்த மாதிரிதான். ஈரம் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைத் தாண்டி உள்ளே போகும். வெளியே பளபளப்பு, அடியில் வேலை நடந்துகொண்டிருக்கும். உப்பை எடுக்கத் தண்ணீர் ஒன்றே வழி. துரு பிடிக்காமல் இருக்கத் தண்ணீர் ஊற்று என்றால் எந்த வேட்டைக்காரன் நம்புவான்?

பிரைமர் மாறியது, பழக்கம் மாறவில்லை

பிறகு நடந்தது வேகமான கதை. ஜெர்மனியில் ஆர்.டபிள்யூ.எஸ். கம்பெனி 1901லேயே குளோரேட்டுக்குப் பதில் பேரியம் நைட்ரேட் வைத்து ஒரு பிரைமர் செய்திருந்தது. 1928ல் அவர்களுடைய சினாக்ஸிட் வந்தது. அதில் பாதரசமும் இல்லை, குளோரேட்டும் இல்லை. லெட் ஸ்டிஃப்னேட் அந்த இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் ரெமிங்டன் 1920களின் பிற்பகுதியில் க்ளீன்போர் என்ற பெயரில் .22 தோட்டாவை விற்றது. பெயரிலேயே விளம்பரம். சில ஆண்டுகளில் .22ல் குளோரேட் பழங்கதையானது. ராணுவங்கள்தான் மெதுவாக நகர்ந்தன. அமெரிக்க ராணுவ ரைஃபிள் தோட்டாக்களில் குளோரேட் 1950களின் தொடக்கம் வரை நீடித்தது.

ஆனால் பழக்கம் ரசாயனத்தைவிட மெதுவாக மாறும். சுட்டால் உடனே கம்பி விட்டுத் தேய்க்க வேண்டும் என்ற பயம் தலைமுறை தாண்டி வந்தது. இப்போது கதை தலைகீழ். இன்றைய .22 தோட்டாவின் எச்சம் குழலை அரிப்பதில்லை. ஈயக்குண்டின் மேல் இருக்கும் மெழுகு உள்ளே மெல்லிய பூச்சாகப் படிந்து ஓரளவு காக்கவும் செய்கிறது. இரும்புக் கம்பியை முன்பக்க வாய் வழியாக விட்டுத் தேய்ப்பவர்கள்தான் இன்று .22களைக் கெடுக்கிறார்கள். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அந்த வாய். அங்கே வரி ஒருபக்கமாகத் தேய்ந்தால் குறி தவறும். புல்-த்ரூ கயிறும் சாதுவில்லை. கோணலாக இழுத்து இழுத்து லீ-என்ஃபீல்டு குழல்களின் வாயில் பள்ளம் விழுந்திருக்கிறது. அதற்குக் 'கயிற்றுத் தேய்மானம்' என்று ஒரு பெயரே ராணுவத்தில் உண்டு. கேம்ப்பில் நாங்கள் போட்டி போட்டு இழுத்தது ஞாபகம் வந்து கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் வாசகர்கள் ஓரிருவர் இங்கே உண்டு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். முடிந்த வகை ரைஃபிளில் போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கமிருந்து சுத்தம் செய்யுங்கள். பூச்சு உள்ள ஒரே துண்டுக் கம்பி, அதன் முனையில் கரைசல் நனைத்த துணி, பிறகு உலர்ந்த துணி, கடைசியில் லேசான எண்ணெய். தோட்டா உட்காரும் அறையின் முன் விளிம்பில் மெழுகும் கரியும் சேர்ந்து ஒரு வளையம் கட்டும். அதை மட்டும் பித்தளை பிரஷ்ஷால் எடுங்கள். வெளிப்பக்கம் தொட்ட இடமெல்லாம் துடையுங்கள், நம் விரல் வியர்வையிலும் உப்புதான். தோல் உறை, துணி உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். மறுபடி சுடும் முன் எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். பழைய குளோரேட் தோட்டா என்றால் மட்டும் முதல் வேலை வெந்நீர், பிறகு உலர்த்தல், அதன் பிறகே எண்ணெய். வரிசை மாறினால் எல்லாம் வீண்.

நண்பருக்கு இதையெல்லாம் ஒரு மாலை முழுக்கச் சொன்னேன். 1930களின் தொடக்கத்தில், கப்பலில் வந்து கடையில் சில வருஷம் கிடந்த தோட்டா என்றால் அது குளோரேட்டாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. வெளியே அழகாக இருந்து உள்ளே அரித்திருப்பதற்கும் இதுவே பொருந்துகிறது என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு சேலத்தில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அத்தைக்கு 84 வயசு. தாத்தாவின் கடைசி மகள்.

"அத்தை, தாத்தா துப்பாக்கிய எப்படித் துடைப்பாரு, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? ராத்திரி சாப்பிட்ட பொறவு திண்ணைல லாந்தரு வச்சுக்கிட்டு உக்காருவாரு. எண்ணெய் போட்டு, துணி விட்டு, திரும்ப எண்ணெய் போட்டு. தெனமும். நாங்க தண்ணிச் சொம்போட அந்தப் பக்கம் போனாக்கூட திட்டுவாருப்பா. தண்ணி பட்டா கெட்டுப் போயிரும்னு."

நண்பர் துப்பாக்கியைக் கடையில் ஒப்படைத்துவிட்டார். இரும்பு விலைதான் கிடைத்தது. எண்ணெய்ப் புட்டியையும் ஃபிளானல் துணிச் சுருளையும் மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார்.